கிரீஸ் போட்டாச்சு... உள்ளே போச்சா?



சென்ற வாரத் தொலைக்காட்சி மன்றத்தில் பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவர்களின் சிரமங்களைப் பேசினோம். நிகழ்ச்சி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது நீலாயிலிருந்து ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். பழைய லோரி ஒன்றை வைத்து வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். "லோரிக்கு அடியில கிரீஸ் அடிக்கிற வேலைய நானே வீட்டுல செய்யலாமா? பட்டறையில கேட்டா சிரிக்கிறாங்க" என்றார்.

மன்றத்தில் தோட்டத்துப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற போர்மேன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதுவரை அதிகம் பேசாதவர், மைக்கைக் கையில் வாங்கினார். "தாராளமா செய்யலாம் தம்பி. ஆனா கிரீஸ் போட்டேன்னு சொல்றது வேற, கிரீஸ் உள்ள போச்சுன்னு சொல்றது வேற." அவ்வளவுதான். எனக்குக் காதில் 'முடி, முடி' என்று கட்டளை வந்துவிட்டது. கைகூப்பி விடைபெற்றேன்.

மறுநாள் தொடங்கி ஒரே அழைப்பு. 'அந்தப் பெரியவர் என்ன சொல்ல வந்தார்? ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?' திட்டியவர்களும் உண்டு. நியாயம்தான். நிகழ்ச்சிக்குப் பின் அவருடன் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் அப்பாவிடம் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது ஊடகத் துறையில் ஒரு டிப்ளோமா. ஆனால் பிறந்தது நீலாய் வட்டாரத் தோட்டம் ஒன்றில், லோரி டிரைவரின் மகளாக. லாபு, பத்தாங் பெனார், நீலாய் என்று ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த தோட்டங்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1998-ல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தார்கள். புது நகரம், கல்லூரிகள், தாமான்கள் என்று செம்பனையும் பல இடங்களில் போயிற்று. லயத்தை விட்டு வெளியேறியபோது என் அப்பா கையில் கிடைத்த பணத்தைக் கொண்டு வாங்கியது ஒரு பழைய லோரி. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

தோட்டத்தில் இருந்தவரை கிரீஸ் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. சனிக்கிழமை மதியம் லோரியைப் பட்டறையில் விட்டால், அதற்கென்றே இருந்த பையன் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு அடியில் புகுந்துவிடுவான். சொந்த லோரி வந்த பிறகு டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் பில்லில் 'கிரீஸ்' என்று ஒரு வரி இருக்கும். அப்பாவும் குனிந்து பார்ப்பார். மூட்டுக்கு மூட்டு கிரீஸ் பளபளவென்று அப்பியிருக்கும். திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு வருவார்.

ஒருநாள் மந்தின் பக்கம் மேட்டில் ஏறும்போது அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் விழுந்து, தார்ச்சாலையைக் கீறிக்கொண்டு வந்தது. மேடு என்பதால் வேகம் இல்லை, அப்பா பிழைத்தார். அதே முனை இறக்கத்தில் வேகமாக வரும்போது விழுந்து குழியில் குத்தியிருந்தால், வண்டியையே தூக்கிப் போட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால், மூட்டின் நான்கு கைகளில் மூன்றில் கிரீஸ் இருந்தது. நான்காவதில் செங்கல்பொடி மாதிரி சிவப்புத் துரு மட்டும். மாதாமாதம் பணம் கொடுத்த கிரீஸ் வெளியே அப்பியிருந்ததே தவிர, அந்தக் கைக்குள் போகவே இல்லை.

அன்று அப்பாவுக்குப் போன பணத்தைவிட, 'முப்பது வருஷ டிரைவர் நான், எனக்கே தெரியலையே' என்ற வெட்கம்தான் பெரிது. அடுத்த வாரம் சொந்தமாக ஒரு கிரீஸ் கன் வாங்கினார். விளக்குப் பிடிக்கும் வேலை எனக்கு.

உள்ளே என்ன நடக்கிறது?

அந்த மூட்டுக்கு யுனிவர்சல் ஜாயிண்ட் என்று பெயர். கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு; அதன் நான்கு கைகளுக்கும் நான்கு கப்; ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியாகச் சிறிய உருளைகள். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் வளைந்து கொடுப்பது இந்த மூட்டால்தான். ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினாலும், இந்த ஊசிகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சில பாகை முன்னும் பின்னும் ஆடுகின்றன, அவ்வளவே. அதனால் இருக்கிற கிரீஸைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளிவிடுகின்றன, திரும்ப இழுத்துக்கொள்வதில்லை. சுற்றும் பேரிங்கைவிட ஆடும் மூட்டு சீக்கிரம் வறண்டுபோவதற்கு இதுதான் காரணம். பட்டை ஸ்பிரிங் பின், முன்சக்கரத்தைத் திருப்பும் கிங்பின், பால் ஜாயிண்ட் எல்லாம் இதே வகை. (பால் என்றதும் ரப்பர் பால் என்று நான் சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தது வேறு கதை.)

கிரீஸ் என்பது வெறும் கெட்டி எண்ணெய் அல்ல. எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வகைச் சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பது போல, சோப்பு எண்ணெயைப் பிடித்துவைத்து, உரசும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நம் ஊரில் மாட்டு வண்டி அச்சுக்குப் போட்டார்களே வண்டி மை, வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது, அதன் வேலையும் ஏறக்குறைய இதுதான்: எண்ணெய் ஓடிவிடாமல் நிறுத்திவைப்பது. மோட்டார் வந்த புதிதிலும் மூட்டுக்கு மூட்டுக் கிண்ணம் வைத்துக் கையால் கிரீஸ் அடைத்துத் திருகினார்கள். அழுத்தத்தோடு செலுத்தும் கிரீஸ் கன் முதல் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவில் வந்தது. இன்று நாம் பார்க்கும், நுனியில் குட்டிக் குண்டு வைத்த நிப்பிள் 1920-களில் பரவியது. ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கார் சர்க் என்பவரின் கண்டுபிடிப்பு. ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

உங்கள் வண்டியில் இருக்கிறதா?

அழைத்தவர்களில் பாதிப் பேர் கார் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய புரோட்டோன், பெரோடுவா போன்ற சிறிய கார்களின் அடியில் பெரும்பாலும் நிப்பிளே இருக்காது. மூட்டுகளை ஆலையிலேயே கிரீஸ் அடைத்து ரப்பர் உறையால் மூடிவிடுகிறார்கள். உங்கள் வேலை, அந்த உறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் பட்டறைக்குப் போங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். பால் ஜாயிண்டை மாற்றும்போது சில கம்பெனிகள் நிப்பிளைத் தனியாகப் பொட்டலத்துக்குள் வைத்து விற்கிறார்கள். அது பெட்டியோடு குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோரி, டிராக்டர், பழைய லேண்ட் ரோவர், நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்-அப் வண்டிகள், இவைதான் கிரீஸ் கேட்பவை. சின்ன லோரியில்கூடப் பத்துக்கு மேல் நிப்பிள் இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கையேடு இல்லையென்றால் ஒரு தடவை போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் பொட்டு வையுங்கள். எங்கள் லோரியில் ஷாஃப்ட் நின்ற நிலையைப் பொறுத்து ஒரு நிப்பிள் மேலே போய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்திருப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

என்ன கிரீஸ் வாங்குவது? லித்தியம் சோப்பில் செய்த, 'ஈ.பி. 2' என்று டின்னில் போட்டிருக்கும் கிரீஸ் அடிச்சட்ட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். அந்த 2 என்பது கெட்டித்தன்மையின் எண். ரொட்டியில் தடவும் கடலை வெண்ணெய் பதம். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடத்துக்குச் சில தயாரிப்பாளர்கள் மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ் கேட்கிறார்கள். கையேடு அப்படிச் சொன்னால் அதையே போடுங்கள். சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் வெறும் சாயம். ஒரே வகையைத் தொடர்ந்து போடுவது நல்லது. சோப்பு வகை மாறினால் சில கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும்.

அடியில் போவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் இருக்கிறது. செங்கல்லும் மரக்கட்டையும் அடுக்கி வைப்பவர்களை நான் தாமானில் பார்க்கிறேன். செங்கல் சொல்லிவிட்டு உடைவதில்லை. மழை பெய்த செம்மண்ணில் ஜாக் வைக்கவே வேண்டாம். சிமெண்டுத் தரைக்குப் போங்கள்.

உண்மையில் லோரிக்கும் உயரமான பிக்-அப்புக்கும் பெரும்பாலும் ஜாக்கே தேவையில்லை. அட்டையைப் போட்டுப் படுத்தால் கை எட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்திச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பையில் என்றுதான் சொல்கிறேன், வண்டியில் அல்ல. 'அப்பா லோரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமே' என்று நினைக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கே புதிது. லேண்ட் ரோவரிலும் பல சின்ன லோரிகளிலும் கைபிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், தரையில் இருக்கிற மற்றச் சக்கரம் சுதந்திரமாக உருளும். கைபிரேக் முழுதாக இழுத்திருந்தும் வண்டி நகரும்! "தோட்டத்துல நான் கண்ணால பார்த்திருக்கேம்மா" என்றார். மேற்கொண்டு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கன்னைப் பிடிக்கும் விதம்

முதல் வேலை துணியால் நிப்பிளைத் துடைப்பது. துடைக்காமல் கன்னை மாட்டினால் நுனியில் இருக்கிற செம்மண்ணைத்தான் முதலில் உள்ளே தள்ளுவீர்கள். அது கிரீஸ் அல்ல, அரம்.

கன்னில் காற்று அடைத்திருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் கிரீஸ் வராது. தலையை அரைச் சுற்றுத் தளர்த்தி, கைப்பிடியைச் சில தடவை அசைத்தால் காற்று போய்விடும். பிறகு நிப்பிளுக்கு நேராக வைத்து 'டிக்' என்று மாட்டும்வரை அழுத்துங்கள். சாய்வாக மாட்டினால் கிரீஸ் பக்கவாட்டில் வழியும். மெதுவாக அமுக்குங்கள். கைக்கன்னில் ஒரு அமுக்குக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கிரீஸ் போகும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பெரியவர் சொன்ன வித்தியாசம் இருக்கிறது. பால் ஜாயிண்டில் ரப்பர் உறை இலேசாகப் புடைக்கத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். மேலும் அமுக்கினால் உறை கிழியும். ஸ்பிரிங் பின்னிலும் கிங்பின்னிலும் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதிய நிறம் தெரியும்வரை அமுக்க வேண்டும். யுனிவர்சல் ஜாயிண்டில் நான்கு கப்பின் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்தது, ஒன்றில் வரவில்லை என்றால் அந்த மூட்டு இன்னும் வறட்சிதான். நிப்பிளைச் சுற்றி வழிவது கணக்கில் சேராது. அப்பாவை ஏமாற்றியது அதுதான்.

வராத கப்புக்கு என்ன செய்வது? ஷாஃப்டைக் கையால் அசைத்து, வளைத்துக் கொடுத்து மறுபடி அமுக்கிப் பாருங்கள். ஷாஃப்டைத் திருப்ப வண்டியை அடி இரண்டடி தள்ள வேண்டியிருந்தால், முதலில் நீங்கள் வெளியே வந்துவிட வேண்டும்; தள்ளி, மறுபடி கட்டை கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். ஸ்பிரிங் பின்னாக இருந்தால் சட்டத்தை ஸ்டாண்டில் ஏற்றி ஸ்பிரிங்கின் பாரத்தைக் குறைத்தால், நசுங்கி இருந்த பக்கத்துக்கும் கிரீஸ் போகும். நிப்பிளே அடைத்திருந்தால் கழற்றிப் புதிதாகப் போடுங்கள், விலை மிகச் சொற்பம். இத்தனைக்குப் பிறகும் நான்காவது கப் வறண்டே இருந்தால் மூட்டை மாற்ற வேண்டியதுதான். மெதுவாகப் போகும்போது அடியிலிருந்து சிட்டுக்குருவி மாதிரி 'கீச் கீச்' சத்தம், ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது 'டங்', கப்பின் ஓரத்தில் சிவப்புப் பொடி, இவை மூன்றும் அது முன்கூட்டியே அனுப்பும் தந்திகள். எங்கள் லோரி அந்தத் தந்தியை ஒரு மாதமாக அனுப்பிக்கொண்டிருந்தது. வானொலிச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை.

ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடத்தில் மட்டும் ஆசைப்பட்டு நிறைய அடைக்காதீர்கள். அடைத்துவிட்டால் சுருங்க இடமில்லாமல் முனை மூடியைத் தள்ளிவிடும். கிரீஸ் எட்டிப் பார்த்ததும் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. கையால் இயக்கும் கன்கூடச் சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் தரும். அதன் வாய்க்கு நேரே விரலை வைக்காதீர்கள். கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலே போகக்கூடிய காயம் அது. மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் செரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். 'கிரீஸ் உள்ளே போய்விட்டது' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

எதற்குப் போடக்கூடாது

ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் வேண்டாம். ரப்பர்க் காட்டில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் என்னாகும் என்று பார்த்திருக்கிறோம். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பிக் குழைந்துவிடும். பிரேக் பக்கம் கன்னையே கொண்டுபோகாதீர்கள்.

வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போயாக வேண்டும். அதற்கு முதல் நாள் அடிச்சட்டம் முழுக்கக் கறுப்பு எண்ணெயைத் தெளித்துப் பளபளப்பாக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. குழிக்குள் நின்று பார்க்கும் சோதனையாளர் மூட்டை ஆட்டித்தான் பார்ப்பார், பளபளப்பைப் பார்ப்பதில்லை. அந்தப் பழைய எஞ்சின் எண்ணெய் 2005-ஆம் ஆண்டுச் சட்டவிதிகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. கால்வாயில் ஊற்றினால் பத்தாங் பெனார் ஆறு வழியாக லங்காட் ஆற்றுக்குப் போகிறது. அங்கிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். துடைத்த துணியையும் பழைய கிரீஸையும் டின்னில் சேர்த்து, எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். செம்மண் பாதையில், வெள்ளத்தில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி. தண்ணீரில் முங்கி வந்தால் அன்றைக்கே. அப்பா எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அடிப்பார், மழைக்காலத்தில் இன்னும் ஒரு முறை கூடுதல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் விளக்குப் பிடிக்கப் போயிருந்தேன். மறுநாள் ஒளிப்பதிவில் ஒப்பனைக்கார அக்கா என் நகக்கண்ணைப் பார்த்துவிட்டு, 'இந்தக் கையை மேசைக்குக் கீழேயே வச்சுக்கோ' என்றார். அப்பா இப்போதும் ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறார், கடைக் கடனுக்கு எழுதுவோமே அதே சின்னப் புத்தகம். தேதி, கிலோமீட்டர், எந்த நிப்பிள் வாங்கவில்லை என்று எழுதி வைப்பார். போன மாதத்து வரி: 'பின் ஷாஃப்ட், நாலாவது கப், வரலை.' இந்த ஞாயிறு அதன் கீழே: 'வந்தது. பதினோரு அமுக்கு.'